கைதட்டல் நின்ற அந்தச் சில விநாடிகள்



இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, ஒரு பாடகரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் சார்லி ப்ரைட். உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் பாடியது கன்ட்ரி இசை. அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் பிறந்த பாட்டு அது. கிட்டாரும் பிடிலும் பாஞ்சோவும் சேர்ந்து ஒலிக்க, வயலையும் ரயிலையும் பிரிவையும் குடியையும் கடவுளையும் பற்றிப் பாடுவார்கள். வெள்ளைக்காரக் குடியானவரின் இசை என்றே அதற்குப் பெயர் ஒட்டிவிட்டது.

1966ஆம் ஆண்டு. டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கூடியிருந்தார்கள். சார்லி ப்ரைட்டின் குரலை வானொலியில் கேட்டு ரசித்தவர்கள் அவர்கள். முகத்தைப் பார்த்ததில்லை. அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் கைதட்டல் பலமாக எழுந்தது. பாடகர் கிட்டாரோடு வெளிச்சத்துக்கு வந்தார். கைதட்டல் தேய்ந்து, அப்படியே நின்றுபோனது. வந்தவர் கருப்பினத்தவர்.

மைக்கை நோக்கி அவர் நடந்த அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன் அவர் எங்கிருந்து நடந்து வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்லெட்ஜ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1934 மார்ச் 18 அன்று, பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காவது. அப்பா அவருக்கு வைக்க நினைத்த பெயர் 'சார்ல்'. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையாகிச் 'சார்லி' ஆனது. இன்று சான்றிதழ் கைக்கு வந்தவுடன் உங்கள் பெயரையும் தலைப்பெழுத்தையும்தானே முதலில் பார்த்தீர்கள்? அந்த மனிதர் தாளில் விழுந்த பிழையையே கடைசிவரை தன் பெயராக வைத்துக்கொண்டார்.

சிறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். பருத்திக் காயின் ஓடு காய்ந்தால் முள்ளாகிவிடும். பஞ்சைப் பிடுங்கும்போது விரல் நுனியெல்லாம் கிழியும். வீட்டில் ஒரு ஃபில்கோ வானொலிப் பெட்டி இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் அப்பா அதில் நாஷ்வில் நகரத்து 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியை வைப்பார். ஊரில் கருப்பினத்தவருக்குப் பள்ளிக்கூடம் தனி, திரையரங்கில் இருக்கை தனி, தண்ணீர்க் குழாய்கூடத் தனி. வானொலி மட்டும் யார் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பாடவில்லை. பையன் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தபடியே வளர்ந்தான். பதினான்கு வயதில், சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனையில் ஒரு கிட்டார் வாங்கினான். வானொலியைக் கேட்டுக் கேட்டு, சுருதி சேர்க்கத் தானே கற்றுக்கொண்டான்.

'அது அவர்களுடைய பாட்டு, நீ ஏன் அதைப் பாடுகிறாய்' என்று பின்னாளில் அவரைக் கேட்காதவர்கள் குறைவு. வெள்ளையர், கருப்பினத்தவர் என இரு பக்கத்தாரும் கேட்டார்கள். இந்தக் கேள்வியே தவறு என்பது என் எண்ணம். கன்ட்ரி இசையின் அடையாளமாகிவிட்ட பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலிருந்து பிறந்த வாத்தியம். அவர்களின் பேரனைப் பார்த்து, இந்த இசையில் உனக்கென்ன வேலை என்று கேட்டால் எப்படி?

பாடகராக வேண்டும் என்பது அவருடைய முதல் கனவு அல்ல. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கருப்பின வீரர் பெரிய பேஸ்பால் லீகில் நிறத்தடையை உடைத்து உள்ளே நுழைந்தபோது சார்லிக்குப் பதின்மூன்று வயது. பருத்திக் காட்டிலிருந்து வெளியேற வழி அதுதான் என்று நினைத்தார். 1952இல் கருப்பினத்தவருக்கான லீகில், மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து வீசினார். மறுவருடம் நியூயார்க் யாங்கீஸின் கீழ்நிலை அணி ஒன்று அவரை எடுத்தது. கையில் காயம் பட்டு, வேகம் போய், அங்கிருந்து கழற்றிவிட்டார்கள். பிறகு லூயிவில் நகரத்து அணி ஒன்று, அவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் வேறு அணியிடம் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒரு பழைய பேருந்தை வாங்கிக்கொண்டது. இரண்டு மனிதர்கள், ஒரு பேருந்து. இதை அவர் கசப்பில்லாமல், தன் தொழில் வாழ்க்கையின் ஒரு சங்கதியாகவே சொல்லிவந்தார். எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

ராணுவ சேவை முடித்து, 1960இல் வடக்கே மொன்டானா மாநிலத்துக்குப் போனார். ஹெலினா நகரை அடுத்த ஈய உருக்காலையில் வேலை. உலைச் சூட்டில் தோல் வெந்தது, ஒரு முறை கணுக்கால் முறிந்தது. ஆலைக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. இவர் நன்றாகப் பாடுவதைக் கவனித்த மேலாளர், ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் சற்று நேரம் பாடச் சொன்னார். ஆடுவதற்குப் பத்து டாலர், பாடுவதற்கு இன்னொரு பத்து டாலர். பகலில் உலை, இரவில் மதுக்கடைகளில் பாட்டு. 1962இல் அந்த ஊருக்கு வந்த ரெட் சோவின், ரெட் ஃபோலி என்ற இரண்டு பெரிய பாடகர்கள் இவரைக் கேட்டார்கள். நாஷ்வில்லுக்குப் போ என்றார்கள்.

அவர் உடனே போய்விடவில்லை. பேஸ்பால் ஆசை விடவில்லை. நியூயார்க் மெட்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குத் தானாகவே ஃபுளோரிடா வரை போய் நின்றார். அவர் ஆட்டத்தைப் பார்க்கக்கூட அவர்கள் சம்மதிக்கவில்லை. திரும்பும் வழியில்தான் பேருந்தை விட்டு நாஷ்வில்லில் இறங்கினார்.

அந்த நகரத்தில் இவருக்கு முன் ஒருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் இவரைச் சொல்வது நியாயமில்லை. டிஃபோர்ட் பெய்லி. மவுத் ஆர்கனில் ரயிலை ஓடவிட்ட கலைஞர், கருப்பினத்தவர். 1927 டிசம்பரில் ஓர் இரவு, அவர் வாசித்து முடித்த கையோடுதான் அறிவிப்பாளர் அந்த நிகழ்ச்சிக்குக் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று பெயர் சூட்டினார். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது, உடன் வாசித்தவர்கள் தங்கிய விடுதியில் பெய்லிக்கு அறை கிடையாது, அவர்கள் சாப்பிட்ட இடத்தில் இலை கிடையாது. 1941இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதே நாஷ்வில்லில் காலணிக்கு மெருகு போடும் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழரங்கில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல். பெயர் பிறந்த இரவில் வாசித்தவருக்கு, செத்து 23 ஆண்டுகள் கழித்து மரியாதை.

பட்டமளிப்பு விழாவில் சாதித்தவர் கதையைச் சொல்லி, நீங்களும் அவர்போல் ஆகுங்கள் என்று வாழ்த்துவது வழக்கம். நான் அதற்காக வரவில்லை. இந்தக் கதையில் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்களைத்தான் உங்களிடம் காட்ட நினைக்கிறேன்.

ஜாக் கிளெமென்ட் என்ற தயாரிப்பாளர், 1965இல் இந்த உருக்காலைத் தொழிலாளியைப் பாடவைத்து ஒலிப்பதிவு செய்தார். நாஷ்வில்லில் நிறுவனங்கள் தயங்கின. கடைசியில் அது செட் அட்கின்ஸ் கைக்குப் போனது. அவர் பெரும் கிட்டார் கலைஞர், ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் நாஷ்வில் பொறுப்பில் இருந்தவர். நிறுவனத்தின் அதிகாரிகள் கூடிய கூட்டத்தில் அவர் முதலில் பாட்டைப் போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் பாடியவர் யார் என்று சொன்னார். ஒப்பந்தம் போடுவது என்று முடிவானது. 1967 ஜனவரியில் ஓப்ரி மேடையில் இவரை அறிமுகம் செய்து வைத்தவர் எர்னஸ்ட் டப், அந்த இசையின் மூத்த நட்சத்திரம். இந்தப் பெயர்களில் ஒன்று குறைந்திருந்தாலும், மொன்டானாவில் நன்றாகப் பாடுகிற ஓர் ஆலைத் தொழிலாளி இருந்தார் என்பதோடு விஷயம் முடிந்திருக்கும்.

அவர்களையும் முழுதாகப் புகழ்ந்துவிட முடியவில்லை. முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது, வழக்கமாகச் சேர்த்து அனுப்பும் பாடகரின் படத்தை நிறுவனம் அனுப்பவில்லை. பெயர் மட்டும் 'கன்ட்ரி சார்லி ப்ரைட்' என்று இருந்தது. குரலை அனுப்பினார்கள், முகத்தை மறைத்தார்கள். அன்றைய நிலையில் வேறு வழியில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அவர்கள் மறைத்துவைத்ததற்கான விலையை அவர்கள் கொடுக்கவில்லை. டெட்ராய்டில் பத்தாயிரம் பேர் முன்னால் தனியாக நின்று அதைக் கொடுத்தவர் அந்தப் பாடகர்.

இப்போது அந்த மேடைக்குத் திரும்புவோம். அரங்கு மௌனமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வெயிலில் கறுத்து என்றும் மாறாத நிறத்தில் ஒருத்தன் வந்து கன்ட்ரி பாடுவது உங்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அரங்கு இளகியது, கைதட்டல் திரும்பி வந்தது. பாடினார். முடித்ததும் சுற்றிக்கொண்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 30 பாடல்கள் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தன. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. 1993இல் ஓப்ரியின் உறுப்பினரானார். பெய்லி போய் 52 ஆண்டுகளுக்குப் பின் அங்கே இடம்பெற்ற முதல் கருப்பினத்தவர் அவர்தான். 2000இல் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு இரண்டு. ஒன்று, 1976 நவம்பர். வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே ரத்தம் ஓடிக்கொண்டிருந்த காலம். அதற்கு முந்தைய ஆண்டுதான், கச்சேரி முடித்துத் திரும்பிய மயாமி ஷோபேண்ட் இசைக்குழுவில் மூவரைச் சாலையில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்குள்ள பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பக்கம் தலைகாட்டவே அஞ்சினார்கள். சார்லி ப்ரைட் போனார். ரிட்ஸ் திரையரங்கில் இரு தரப்பினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டார்கள். பிரித்துவைக்கப்பட்ட ஊரில் வளர்ந்தவருக்கு, பிரிந்து கிடந்த இன்னொரு ஊரின் வலி தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, 1994இல் எழுதிய தன்வரலாற்றில் தனக்கு மனநோய் உண்டென்று அவர் வெளிப்படையாகச் சொன்னது. உற்சாகம் எல்லை மீறுவதும் பிறகு இருட்டில் விழுவதுமாக மாறி மாறி வரும் நோய். புகழின் ஆரம்ப ஆண்டுகளிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. மருந்து சாப்பிட்டார், மனைவி ரோசீன் துணை நின்றார், பாடிக்கொண்டே இருந்தார். மேடையில் எப்போதும் சிரித்த முகமாக இருக்கவேண்டியிருந்த ஒருவருக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! தம்பி தங்கைகளே, உங்களில் யாருக்காவது மனம் அப்படி இருண்டுபோனால் தயவுசெய்து மறைக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலுக்குப் போகிறோம் இல்லையா, அதுபோலப் போங்கள்.

2020 நவம்பர் 11 அன்று நாஷ்வில்லில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள். வயது 86. ஜிம்மி ஆலன் என்ற இளம் கருப்பினப் பாடகரோடு சேர்ந்து, 1971இல் தான் புகழ்பெறச் செய்த பாட்டை அன்று மேடையில் பாடினார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, டாலஸ் நகரில் கொரோனாவுக்குப் பலியானார்.

உங்களில் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நேற்றுவரை நீங்கள்தான் கதவுக்கு வெளியே நின்றவர்கள். இனி மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகிறீர்கள். ஆளெடுப்பீர்கள், மதிப்பெண் போடுவீர்கள், மேடைக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்வீர்கள். ஒருநாள், நீங்கள் எதிர்பார்க்காத ஊரிலிருந்து, எதிர்பார்க்காத பெயரோடு, எதிர்பார்க்காத பேச்சு வழக்கோடு ஒருவர் உங்கள் முன்னால் வந்து நிற்பார். அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியை உடைக்கும் பொறுப்பை அவர் தலையில் போட்டுவிடாதீர்கள். முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும்.