குற்றம் என்று பெயரிட்டது யார்?

(செவிலிமேடு படிப்பகத்தில் கல்லூரிச் சமூகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சமூகவியலும் குற்றவியலும் கற்பிப்பவன் நான். "திருடனைப் பற்றிப் பாடமா?" எனக் கேலி பேசுவோர் உண்டு. ஆம், அதுதான் பாடம். ஆனால் அவனைத் திருடன் என்று எழுதிவைத்தவன் யார் என்பதிலிருந்தே நான் தொடங்குகிறேன்.

1871இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. 1911இல் அது சென்னை மாகாணத்திலும் புகுந்தது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் குற்றப் பரம்பரை! களவாடியதனாலா? இல்லை, அந்தக் குலத்திலே பிறந்ததனால்! கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் குண்டு பாய்ந்தது. மடிந்தோருள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். 1947இல் சென்னை மாகாணத்திலே அச்சட்டம் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது வேறு கதை. வேறு கதைதானா என்றும் மாணவரைக் கேட்பதுண்டு.

ஏன் கேட்கிறேன்? என் வகுப்பில் இருப்போர் நாளை காவல் நிலையத்திலும் சிறைச்சாலையிலும் அமரப்போகிறவர்கள். ஐயத்துக்குரியோர் பட்டியலை எழுதும் பேனா அவர்கள் கைக்கு வரும்.

ஆகவே உங்கள் தறிப்பக்கம் அவர்களை அழைத்து வருகிறேன். கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று. நெய்பவருக்குக் கை இரண்டு. கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது பிள்ளையின் கை; பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு அடகு போன பிஞ்சுக் கை! 1976இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. மூன்றாண்டுவரை சிறை என்றது. ஆயினும் 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சித் தறிச் சிறுவர் இடம்பெற்றனர். பூட்டை உடைத்தவனுக்கு விலங்கு. பிள்ளையை அடகு பிடித்தவனுக்கு மாலை! கைத்தறிக்கென்றே 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய சேலை வகைகளை விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பவனை, கள்வன் என்று யாரேனும் விரல் நீட்டியதுண்டா?

அமெரிக்க அறிஞர் சதர்லாண்ட் 1939இல் இத்தகைய கேள்வியைத்தான் எழுப்பினார். 70 பெரு நிறுவனங்களை ஆராய்ந்து 1949இல் நூலும் எழுதினார். பதிப்பகமோ வழக்குக்கு அஞ்சி அவற்றின் பெயர்களை நீக்கிற்று. பெயர்களோடு முழு நூல் வெளிவர 1983 ஆயிற்று! கன்னக்கோல்காரன் பெயரை அச்சிட எந்த அச்சகம் அஞ்சிற்று, தோழர்களே?

சட்டப் பிரிவை ஒப்பிக்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, பிரிவும் வேண்டும். ஆனால் முதல் மாதப் பணி இது: நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முன்பணம் எவ்வளவு, இதுவரை கழிந்தது எவ்வளவு, கணக்கு யார் கையில் என்று கேட்டெழுத வேண்டும். வரும் திங்களன்று அவர்கள் உங்கள் தெருக்களுக்கு வருவார்கள். விரட்டாமல் உட்காரச் சொல்லுங்கள். கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள்.