குமிழி சிறுத்தால் கரண்ட் பில்லும் சிறுக்கும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எஸ்.டி.பி. பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கேள்விகள் வரும். "ராத்திரி புளோயரை நிறுத்தினால் கரண்ட் மிச்சம்தானே?" என்பது ஒன்று. "நாற்றம் அடிக்கிறதே, பெரிய புளோயராக வாங்கினால் என்ன?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் தொட்டியின் அடியில் இருக்கிற டிஃப்யூசரில்தான் இருக்கிறது.

நம் கழிவுநீரைச் சுத்தம் செய்வது இயந்திரம் அல்ல, நுண்ணுயிரிகள். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. கழிவைத் தின்ன அந்த உயிர்களுக்கு நீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும்; லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதும். அதைக் கொடுக்கத்தான் புளோயர் ஓடுகிறது. இவ்வகை நிலையங்களில் மின்செலவில் பாதி அளவோ அதற்கு மேலோ இதற்கே போகிறது.

ஆனால் ஊதுகிற காற்றெல்லாம் கரைவதில்லை. 10 மில்லிமீட்டர் குமிழி ஒன்றை 2 மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 125 கிடைக்கும். காற்று அதேதான், நீரைத் தொடும் பரப்பு மட்டும் 5 மடங்கு. சிறு குமிழி மெதுவாகவும் மேலேறும். அதனால் சுத்தமான நீரில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு நுண்குமிழி சுமார் 6 சதவீத ஆக்சிஜனைக் கரைக்கும். பெரிய குமிழி சுமார் 2 சதவீதம்தான். டிஃப்யூசர் கிழிந்திருந்தால் எவ்வளவு பெரிய புளோயர் வாங்கினாலும் காற்று மேலே வந்து வெடித்துப் போய்விடும்.

நம் ஊர் வெயிலும் இதில் சேர்கிறது. 20 டிகிரி நீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் நுண்ணுயிரிகளுக்குப் பசி கூடும். சித்திரையில் நாற்றம் அதிகமாவது இதனாலும்தான்.

அடுத்தது நம் சமையலறை. சோப்பும் எண்ணெயும் குமிழியின் மேல் படலமாகப் படிந்து ஆக்சிஜன் நீருக்குள் போவதைத் தடுக்கும். இப்படிப்பட்ட நீரில் கரைவது, சுத்தமான நீரில் கரைவதில் பாதியாகக் குறைந்துவிடலாம். பிரியாணிச் சட்டியின் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினாலே பெரிய உதவி.

இரவில் புளோயரை மணிக்கணக்கில் நிறுத்தினால் கசடு டிஃப்யூசர் மேல் படியும், துளை அடையும், நாற்றம் கிளம்பும். நிறுத்துவதை விட, ஆக்சிஜன் அளவைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் கருவி பொருத்துவது நல்லது.

நாமே பார்க்கக்கூடியவை மூன்று. ஒன்று, தொட்டியின் மேற்பரப்பு சோறு கொதிப்பது போல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொங்கினால் அங்கே டிஃப்யூசர் கிழிந்திருக்கலாம். இரண்டு, புளோயரின் அழுத்தமானி. ஒரு மீட்டர் நீருக்கு 0.1 பார் கணக்கு. 3 மீட்டர் ஆழத்துக்கு 0.3, குழாய்க்கும் டிஃப்யூசருக்கும் கொஞ்சம் கூடுதல். மாதாமாதம் ஏறினால் அடைப்பு. திடீரென்று இறங்கினால் கிழிசல் அல்லது கசிவு. மூன்று, புளோயரின் காற்று ஃபில்டர். புழுதி சேர்ந்தால் காற்று குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டிஃப்யூசரைச் சரிபார்க்க யாரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. இனி மாற்றும்போது, மேலிருந்தே தூக்கி எடுக்கும் வகை டிஃப்யூசர்களைத்தான் வாங்க வேண்டும்.

திண்டுக்கல்லுக்குக் கழிவுநீர் புதிய பாடம் அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உட்பட 5 மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்துபவரே செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அது ஆலைக்கு மட்டும் சொன்னதாக நாம் நினைத்துவிடக் கூடாது. அரைகுறையாகச் சுத்தம் செய்த நீரை நாம் வெளியே விட்டால், பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு நாமும் அந்த ஆலை மாதிரிதான்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பெரிய புளோயருக்குப் பணம் ஒதுக்கும் முன், டிஃப்யூசரைச் சுத்தம் செய்ய ஒதுக்குங்கள். அழுத்தமானி அளவை ஆபரேட்டர் தினமும் எழுதட்டும். மாதம் ஒருமுறை அது அறிவிப்புப் பலகைக்கு வரட்டும். எண்ணெயை வீட்டிலேயே நிறுத்துங்கள்.