பள்ளிக்கூடத் திறப்பும் உபாத்தியாயர் சங்கமும்
(தென்காசியில் கல்வி ஊழியர் கூட்டத்தில் பேசியது)



குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. வெளியூர்க்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நனைந்த பையோடு வகுப்புக்குப் போகிறார்கள். திறக்கிற தேதியும் ஒரு நிலையில் நிற்பதில்லை. 2023-ல் ஜூன் 1 என்றார்கள், பிறகு 7 என்றார்கள், வெயில் தணியவில்லையென்று கடைசியில் 12-ந் தேதி பெரிய வகுப்புகளையும் 14-ந் தேதி சின்ன வகுப்புகளையும் திறந்தார்கள். 2024-ல் 6 என்றது 10 ஆயிற்று. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தள்ளிவைக்காமல் வெயிலைப் பார்த்துத் தள்ளிவைத்தார்களே, அந்த மட்டில் நமக்குச் சந்தோஷந்தான். (சிரிப்பு)

நாம் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். மீதிப் படிப்பெல்லாம் வாசகசாலையில் இரவல் வாங்கிப் படித்ததுதான். அப்படிப்பட்ட நம்மை உபாத்தியாயர்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டது உங்களுடைய தைரியத்தைத்தான் காட்டுகிறது. வெளியில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

உங்கள் குறைகளை முதலில் சொல்லிவிடுவது நியாயம். 2003 ஏப்ரல் 1-ந் தேதி முதல் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தினார்கள். அதே வருஷம் ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களையும் உபாத்தியாயர்களையும் ஒரே மூச்சில் நீக்கினார்கள். வேலைநிறுத்தம் செய்ய உங்களுக்கு உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் சொல்லிற்று. 2012-ல் ஓவியம், தையல், தேகப்பயிற்சி, கம்ப்யூட்டர் முதலியவை கற்றுக் கொடுக்க 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக அமர்த்தியபோது, மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்று வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் வயிற்றுக்கும் விடுமுறை என்று எண்ணம் போலும்!

பிறகு 2025 செப்டம்பர் 1-ந் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. எட்டாம் வகுப்பு வரை பாடம் சொல்லுகிறவர்களில், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கியுள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வு தேற வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தேறாமல் வேலையில் இருக்கலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது என்பது அந்தத் தீர்ப்பு. பரீட்சையே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறவர்கள் தமக்கு வேண்டாம் என்றால் பிள்ளைகளே சிரிக்கும். ஆனால் வேலைக்கு எடுக்கும்போது கேட்காத ஒன்றை இருபது வருஷம் கழித்துக் கேட்பது என்ன நியாயமென்று நமக்கு விளங்கவில்லை. இவற்றுக்கெல்லாம் நீங்கள் போராட வேண்டியதுதான். நாமும் கூட வருகிறோம்.

நிற்க, உங்கள் சங்கத்து நோட்டீஸைப் படித்துப் பார்த்தோம். யார் யார் அங்கத்தினராகலாம் என்று அதில் போட்டிருக்கிறது. உபாத்தியாயர், குமாஸ்தா, ஆய்வுக்கூட உதவியாளர் வரையில் இருக்கிறது. சோறு ஆக்குகிற அம்மாளைக் காணோம். காலையில் எல்லோருக்கும் முன்னே வந்து கூட்டுகிற அம்மாளையும் காணோம். ஏன் என்று கேட்டதற்கு, "அவர்கள் வேறு இலாகா, சத்துணவு சமூக நலத்துறையில் அல்லவா சேர்ந்தது?" என்று ஒரு தோழர் பதில் சொன்னார்.

இலாகா சர்க்கார் காகிதத்தில் இருக்கிறது. சோறு இல்லாவிட்டால் உங்கள் வகுப்பில் பிள்ளை இருக்குமா? 1920-ல் நீதிக்கட்சியார் சென்னை நகரசபையில் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல், பகல் உணவு போட்டார்கள். 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் ஆரம்பித்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. நாமே அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். எழுத்துக் கற்பித்த உபாத்தியாயர் பெயர் மறந்துபோய்விட்டது. அடிச்சோற்றை வழித்து நமக்குப் போட்ட அம்மாளின் முகம் மறக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன கூலி? 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளரை நியமிக்க உத்தரவு போட்டபோது, முதல் ஒரு வருஷத்துக்கு மாதம் 3,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பள்ளிக்கூடத்து வேலைக்காரர்களில் இதைவிடக் கேவலமான சம்பளம் யாருக்கு? சங்கம் யாருக்கு முதலில் வேண்டும்?

கூலியைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. இங்கே ரயில் ஏறினால் அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் சேரன்மாதேவி வருகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் தனியாக உண்டார்கள், மற்றப் பிள்ளைகள் வேறாக உண்டார்கள். காங்கிரஸ் கொடுப்பதாகச் சொன்ன பத்தாயிரத்தில் ஐயாயிரம் கொடுத்த பிறகு சங்கதி வெளியே வந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்வி நாடெங்கும் தீப்பிடித்தது. ஐயரவர்கள் 1925 ஜூனில் பாபநாசத்தில் மகளைக் காப்பாற்ற அருவி நீரில் குதித்து மாண்டார். அவர்மேல் தூஷணை சொல்ல இதை எடுக்கவில்லை. "படிக்கிற இடத்தில் பந்தி வித்தியாசம் ஏன்?" என்ற கேள்வி நம் பக்கத்தில் பிறந்தது என்று ஞாபகப்படுத்தவே சொல்லுகிறோம்.

அந்தக் கேள்வியை இன்றைக்கு யாரைப் பார்த்துக் கேட்பது? 2018-ல் திருப்பூர் ஜில்லா அவினாசிப் பக்கத்தில் ஆதிதிராவிட அம்மாள் ஒருவர் சமைக்கக் கூடாதென்று ஜாதிக்காரர்கள் தகராறு செய்தார்கள். தகராறு செய்தவர்களை விட்டுவிட்டுச் சமைத்தவரை மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் திரும்பப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரத்துப் பக்கம் உசிலம்பட்டியில் அதேபோல் ஓர் அம்மாள் செய்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணவில்லை. கனிமொழி அவர்கள் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. காமராசர் சோறு போட ஆரம்பித்த அதே எட்டயபுரத்துப் பக்கம்! 2022-ல் நம் தென்காசி ஜில்லாவில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனால் "ஊர்க் கட்டுப்பாடு, கொடுக்க மாட்டேன்" என்று கடைக்காரர் சொன்னதை நாடே பார்த்தது. இதிலெல்லாம் பார்ப்பனர் எங்கே வந்தார்? நம்மவர்கள்தான், தோழர்களே! சேரன்மாதேவியில் நாம் எதைக் குற்றமென்றோமோ அதை நாமே செய்கிறோம். மானம் போகிற சங்கதி இது.

பிள்ளை இதை எங்கே கற்கிறது? வீட்டில் கற்கிறது, சரி. பள்ளிக்கூடத்திலும் கற்கிறது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சோறு போடுமுன் உபாத்தியாயர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே நோட்டுப் புத்தகத்தில் "ருசி பார்த்தேன், நன்று" என்று தினமும் கையெழுத்து விழுகிறது. நாம் போன அன்று கரண்டி சட்டியை விட்டு வெளியே வரவில்லை! கேட்டால், "நமக்கு அந்த அரிசி ஒத்துக்கொள்ளாது" என்றார். அரிசியா ஒத்துக்கொள்ளவில்லை? பிள்ளைகள் முட்டாள்களல்ல. எந்த வாத்தியார் யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையில் ஜாதிக் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு அவர்கள் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளையின் மணிக்கட்டுக் கயிறு சுலபமாகக் கண்ணில் படுகிறது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே, சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் முறைவைத்து அந்த ருசி பார்க்கிற விதியைப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து நிறைவேற்ற வேண்டும். சமைத்த அம்மாளே உங்கள் தட்டில் போடட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். இரண்டாவது, சமைக்கிறவர்களும் கூட்டுகிறவர்களும் அங்கத்தினராகலாம் என்று விதியைத் திருத்துங்கள். மூவாயிரம் வாங்குகிறவரிடம் உங்கள் சந்தாவைக் கேட்காதீர்கள், கால்பங்கு போதும். (கைதட்டல்)

கை தட்டுகிறீர்கள், சந்தோஷம். செயலாளர் தோழர் தீர்மானத்தை இப்போதே எழுதி வாசித்தால் நாமும் கேட்டுவிட்டுப் போகலாம். நம் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.