தோண்டுவதற்கும் ஒரு முறை வேண்டாமா?



கழிவுநீரைப் பற்றி மேடையிற் பேசினால் முகஞ் சுளிப்பாரும் உளர். ஆயினும், திருகோணமலை நகரின் நலம் நிலத்தின் கீழே எது, எந்த ஒழுங்கிற் புதைக்கப்படுகிறது என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

நகரின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு புறம் உட்துறைமுகம். மறு புறம் விரிகடல். இடையிலே ஒடுங்கிய தரை. மாரியிலே தாழ்ந்த பகுதிகளிற் சிறிது தோண்டினாலே நீர் ஊறிவிடும். நகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இங்கு இல்லை. வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி. அதற்கு அயலிலே கிணறு. வடிகானில் விடப்படும் அழுக்கு நீரோ உட்துறைமுகத்தைச் சேர்கிறது. தரை சூழ்ந்த அந்தக் குடாவில் விழும் அழுக்கைப் பேரலை வந்து அள்ளிச் செல்வதில்லை.

ஆகவே குழாய் வேண்டும். ஆனால் அது குடிநீர்க் குழாய் போன்றதன்று. குடிநீர் அழுத்தத்தால் மேட்டிலும் ஏறும். கழிவுநீர் சரிவை நம்பியே ஓடும். தட்டை நிலத்திலே சரிவு வேண்டுமாயின், குழாய் போகப் போக ஆழமாகும். ஆழத்திலே நீர் ஊறும், மணற்சுவர் சரியும், இறைத்து இறைத்தே குழாய் பதிக்கவேண்டும். மூடிய மண்ணைப் படை படையாக இடித்து இறுக்காவிடின், அடுத்த மாரியில் வீதி உள்வாங்கும். முதலிற் குழாய், பின்பு வடிகான், கடைசியிலே தார் என்பதே ஒழுங்கு. நாம் காண்பதோ தார் காயுமுன் மண்வெட்டி!

காரணம் என்ன? ஒரு நகரத்துக்குப் பல எசமானர்கள். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு. எஞ்சிய தெருக்கள் ஊராட்சி மன்றங்களுக்கு. குழாய்கள் 1975 இல் தோன்றிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. துறைமுகம் 1979 இல் அமைந்த துறைமுக அதிகாரசபைக்கு. உப்புவெளிப் பக்கம் போனால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நீர் எல்லைக்கல்லைப் பார்த்தா ஓடுகிறது?

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. பணத்தைச் செலவிட்டாக வேண்டுமென்ற அவசரம் பிறக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேதான் இங்கு மழை கொட்டுகிறது. கொழும்பின் கணக்குப் புத்தகம் கிழக்கின் வானத்தை அறியாது. இதே பருவமழையைப் பெறும் சென்னையிலே, மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தில் வீதி வெட்டுவதற்குத் தடை விதித்து வருகிறது.

தட்டிக் கேட்பவர் யார்? 2023 மார்ச்சு முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை ஊராட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகளே இல்லை. 2017 இல் கலைந்த கிழக்கு மாகாண சபைக்கு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை.

விவசாயப் பெருமக்களே! இது நகரத்தார் கவலை என்று தம்பலகாமத்தார் ஒதுங்கலாகாது. வீதியை உயர்த்தி, மதகைச் சிறிதாக விட்டால் வெள்ளம் நிற்பது உங்கள் வயலிலேதான். கந்தளாய்க் குளத்து நீரையே வயலும் நகரமும் பகிர்ந்து குடிக்கின்றன. அன்றியும், இந்நோய்க்கு மருந்து உங்களிடமே இருக்கிறது.

போகந்தோறும் நீங்கள் ஆரம்பக் கூட்டம் கூடுகிறீர்கள். அரசாங்க அதிபர் தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்திலுள்ள நீரின் அளவைச் சொல்ல, மதகு திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடு அகற்றும் நாள் எல்லாம் குறிக்கப்படுகின்றன. 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அத்தீர்மானத்துக்கு வலிமை தருகிறது. மீறினால் தண்டம். ஒருவன் அறுக்கையில் மற்றவன் நீர் பாய்ச்சுவதில்லை!

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு உண்டே எனலாம். உண்டு, ஆனால் தோண்டிய பின் முறையிடும் இடமாகவே அது பெரிதும் இருக்கிறது. நாம் கேட்பது தோண்டுமுன் கூடும் கூட்டம். ஆண்டுதோறும் தை பிறந்து மழை ஓய்ந்ததும், எல்லாத் திணைக்களங்களும் தத்தம் திட்டங்களை ஒரே வரைபடத்தில் குறிக்கட்டும். புரட்டாதிக்குப் பின் எவரும் வீதியை வெட்டலாகாதென நாள் குறிக்கட்டும். குழாய் உடைந்தால் மட்டும் விலக்கு. குழாய் பதித்த வீதி ஒரு மாரியைக் கண்டு இறுகிய பின்னரே நிரந்தரத் தார் பெறட்டும். அந்த வரைபடம் நகர மன்ற வாயிலிலே, எவரும் பார்க்கத் தொங்கட்டும்.

முதலில் உட்துறைமுக வீதியிலிருந்து தொடங்குவோம்.