பாறை அறிந்து பாதை செல்வோம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம்; இசையும் நாடகமும் நடைபெறுவதும் வழக்கம். சைக்கிளைப் பற்றிப் பேசுமாறு அழைத்தபோது எங்களுக்கே சற்று வியப்பாக இருந்தது. ஆயினும், ஞாயிறுதோறும் விடியற்காலையில் தலைக்கவசமும் தண்ணீர்க் குப்பியுமாக நாங்கள் காலனி வாயிலைக் கடந்து செல்வதைப் பார்த்து, "இவர்கள் எங்கே போகிறார்கள்? எதற்காகப் போகிறார்கள்?" என்று கேட்டவர் பலர். அந்தக் கேள்விக்கு விடை கூறவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

நாம் குடியிருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி, 1970களின் இறுதியில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில் எழுந்தது. 2010இல் ஓசூர் சாலைக்கு மேலே உயர்மட்டப் பாலம் வந்தது. 2025இல் மெட்ரோ ரயிலும் வந்தது. இன்று நாம் தரையைத் தொடாமலே சென்று, தரையைத் தொடாமலே திரும்பி, பல மாடி உயரத்தில் உறங்கும் பேறு பெற்றுவிட்டோம். நம் குழந்தைகளிடம் தஞ்சையின் வண்டலைப் பற்றியும் கோவில்பட்டியின் கரிசலைப் பற்றியும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அவர்கள் பிறந்து வளரும் இந்த ஊரின் மண் எத்தகையது, அதன் அடியில் கிடக்கும் பாறை எது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்? எங்களால் முடியவில்லை. அந்த வெட்கமே எங்களை வெளியே அனுப்பியது.

மலைமிதிவண்டி என்பது பெரிய விந்தையன்று. தடித்த டயர், அதில் பிடிப்புக்கான முண்டுகள், ஏற்றத்துக்கேற்ற கியர், முன்சக்கரத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் வில். இவையே அதன் சிறப்பு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பாயஸ் என்னும் மலையின் சுற்றுப்புறத்தில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைச் செப்பனிட்டு மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். ஒருமுறை இறங்குவதற்குள் பிரேக்கின் உள்ளிருந்த மசகு புகைந்து போகுமாம். மறுபடியும் மசகு அடைக்க வேண்டும். அதனாலேயே 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'மறுபடி அடைத்தல்' என்னும் பொருளில் 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்த விளையாட்டு 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை சென்றது. 2023இல் ஆசியப் போட்டி நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பொன்முடி மலையிலேயே நடந்தது. பந்தயம் எங்கள் நோக்கமன்று. காரில் போகிறவனுக்குத் தரை தெரிவதில்லை. நடப்பவனுக்குத் தெரியும், ஆனால் ஒரு காலையில் நெடுந்தொலைவு செல்ல இயலாது. இரண்டுக்கும் நடுவே நின்று, தரையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கை வழியே உணர்த்துவது சைக்கிள். அதுவே எங்களுக்கு வேண்டியிருந்தது.

இனிப் பாறைக்கு வருவோம். பெங்களூரின் அடித்தளமாக விளங்குவது 'தீபகற்ப நைஸ்' எனப்படும் பாறை. நம் காலனிக்கு அருகே தொடங்கும் நைஸ் சாலைக்கும் இதற்கும் உறவு ஒன்றுமில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே! வெளிர்நிறமும் கருநிறமுமாக வரிவரியாய், மடித்து வைத்த பட்டுச் சேலையின் ஓரம்போல் தோன்றும் இந்தப் பாறையை லால்பாகில் கெம்பேகௌடரின் கோபுரம் நிற்கும் மேட்டில் காணலாம். அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்று. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே 450 கோடியைச் சற்றே தாண்டியதுதான். மாலை நடைக்குச் செல்வோர் சுண்டல் தின்று இளைப்பாறும் அந்த மேடு, பூமி தன் வாழ்நாளின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கழித்திருந்த காலத்தில் உருவானது.

மேற்கே மைசூர்ச் சாலையில் சென்றால் ராமநகரத்துக் குன்றுகள். 1975இல் வெளிவந்த 'ஷோலே' திரைப்படத்தின் குன்றுகள் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அங்கே பாறை வேறு. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து உருகிய குழம்பு பழைய நைஸுக்குள் புகுந்து இறுகியது. விரற்கடை அளவுள்ள இளஞ்சிவப்புப் படிகங்களை அதில் கண்ணாலேயே காணலாம். ராமநகரத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் 'குளோஸ்பேட்' என்று பெயர். ஆகவே பாறைக்கும் குளோஸ்பேட் கருங்கல் என்று பெயர் நிலைத்தது.

தெற்கே செல்லச் செல்லப் பாறை மற்றுமொரு வேடம் பூணுகிறது. கனகபுரத்தை அடுத்த கப்பால்துர்க்கத்தருகே, சாம்பல் நிற நைஸின் நடுவே எண்ணெய் பூசியதுபோன்ற கரும்பச்சைத் திட்டுகள் தோன்றுகின்றன. அதுவே சார்னோக்கைட். இப்பாறைக்குப் பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே கல்லுக்கும் இட்டார். ஆனால் அந்தக் கல் வங்காளத்துக் கல்லன்று. நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்! அதே பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். கப்பால்துர்க்கத்தில் திட்டுத்திட்டாய்த் தோன்றும் சார்னோக்கைட், தருமபுரிப் பக்கம் செல்லும்போது நாடு முழுதும் பரந்து கிடக்கிறது. மாநில எல்லை அத்திப்பள்ளியில் இருக்கிறது. பாறைக்கு அங்கே சோதனைச் சாவடி இல்லை. நாம் அயலூருக்கு வந்துவிட்டோம் என்று ஏங்குகிறோம். ஆனால் நாம் விட்டு வந்த நிலமும் வந்து சேர்ந்த நிலமும் அடியில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடக்கின்றன.

இவ்வளவும் நாங்கள் மெல்ல மெல்லக் கற்றவை. ஆனால் இவற்றினும் பெரிய பாடத்தை எங்களுக்குக் கற்பித்தது ஒரு தவறு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஆனேக்கல் வட்டத்தில் ஒரு சிறு குன்று. அதன் சரிவில் ஆடுகள் போய்வந்த ஒற்றையடிப் பாதை ஒன்று நேர்கீழாக இறங்குகிறது. செப்டம்பர் மாதத்து மழை ஓய்ந்த மறுநாள் நாங்கள் அங்கே சென்றோம். எங்கள் பிள்ளைகள் ஈர மண்ணில் பின்பிரேக்கை இறுகப் பிடித்துச் சறுக்கிச் சறுக்கி இறங்கினார்கள். அது அவர்களுக்கு வேடிக்கை, நாங்களும் கைதட்டினோம். நான்கு வாரங்கள் கழித்து மறுபடியும் சென்றபோது, அடிவாரத்து ராகி வயலின் வரப்பில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் கன்னடத்தில் "அஜ்ஜா, நமஸ்கார" என்றார்கள். அவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்: "தம்பி, அன்றைக்கு நீங்கள் போன வழியில்தான் இப்போது மழைத் தண்ணீர் போகிறது."

அவர் காட்டிய பக்கம் பார்த்தோம். டயர் கீறிய தடம் முழங்கால் ஆழ ஓடையாகியிருந்தது. அதன் வழியே வந்த மணல் வயலின் ஒரு மூலையில் படிந்து, கதிர் பிடிக்கும் பருவத்து ராகியை மூடியிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றுதான் பாறையை உண்மையாகப் படிக்கத் தொடங்கினோம். நைஸிலுள்ள ஒருவகைக் கனிமம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து களிமண்ணாகிறது. படிகக்கல் மணலாக எஞ்சுகிறது. இரும்பு துருவேறிச் சிவப்பு நிறம் தருகிறது. ஓர் அங்குலச் செம்மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதைக் கழுவிவிட ஒரு மழை போதும். சரிவில் நேர்கீழாக ஓடும் பாதை தண்ணீருக்கு வாய்க்கால். ஆகவே நல்ல பாதை குன்றைச் சுற்றி, குறுக்கே வளைந்து செல்ல வேண்டும். அதன் ஏற்றம் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டலாகாது. வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருந்தால் நீர் பாதையில் ஓடாமல் குறுக்கே வழிந்து புல்லில் இறங்கிவிடும். உலகெங்கும் மலைப்பாதை அமைப்போர் பின்பற்றும் நெறி இதுவே. திருப்பதிக்கும் பழனிக்கும் மலைப்பாதை கண்டவர்களுக்கு இது புதிதன்று, நாங்கள்தாம் மறந்திருந்தோம்.

அடுத்த ஆறு ஞாயிறுகள் நாங்கள் சைக்கிள் ஓட்டவில்லை. பெரியவர் சொன்னபடி ஓடையின் குறுக்கே கல் அடுக்கினோம். புல்லைப் பெயர்த்து நட்டோம். வயலில் படிந்த மணலைக் கூடையில் அள்ளினோம். அந்த மூலையின் விளைச்சலை மட்டும் எங்களால் திருப்பித் தர முடியவில்லை. கணினியில் ஒரு பிழை நேர்ந்தால் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம் என்று பழகிய பிள்ளைகள், மீட்க முடியாத பொருளும் உலகில் உண்டு என்பதைக் கையில் மண்ணோடு கற்றார்கள்.

அன்பர்களே! கனகபுரச் சாலையருகே துரஹள்ளிக் காடு இருக்கிறது. பாறை ஏறுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பல ஆண்டுகளாக நாடிய இடம் அது. 2021இல் அங்கே மரப்பூங்கா அமைக்கத் திட்டம் எழுந்தபோது, காடு காடாகவே இருக்கட்டும் என்று நகர மக்கள் திரண்டு குரல் கொடுத்தார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. கட்டடம் வந்தால் மட்டுமே காடு அழியும் என்பதில்லை. அன்பு என்ற பெயரில் ஆயிரம் சக்கரங்கள் உருண்டாலும் அழியும். காட்டைக் காக்கக் குரல் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க விரும்பினால், நம் சக்கரத்துக்கும் நாம் கடிவாளம் இட வேண்டும்.

ஆகவே எங்களுக்குள் சில விதிகள் வகுத்துக்கொண்டோம். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்வதில்லை. பன்னேர்கட்டா யானைகள் வாழும் இடம். அதன் எல்லையைத் தாண்டுவதில்லை. மழை பெய்து மண் உலரும்வரை குன்றில் ஏறுவதில்லை. சக்கரம் பூட்டிச் சறுக்குவதில்லை. பாறையின் மேலுள்ள பாசித் திட்டையும் புல் முளைத்த குழியையும் மிதிப்பதில்லை. செந்நிற முதுகோடு வெயில் காயும் பாறை ஓணானுக்கு வழிவிட்டுச் செல்வோம். எதிரே ஆடு வந்தால் இறங்கி நிற்போம். ஊர் மக்களிடம் கன்னடத்திலேயே பேசுவோம்.

வரும் ஆண்டில் சங்கத்தின் குழந்தைகளை மாதம் ஒருமுறை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். முதற்பயணம் லால்பாகிற்கு, அங்கே சைக்கிள் வேண்டாம், கையால் பாறையைத் தொட்டால் போதும். பெற்றோர்களும் உடன் வர வேண்டுகிறோம். தாத்தா ஊர் மண்ணைக் கதையாய்க் கேட்ட குழந்தை, தன் ஊர் மண்ணைக் கையால் அறியட்டும். அறிந்த மண்ணை யாரும் எளிதில் அழிக்க மாட்டார்கள்.

கடந்த மாதம் அந்தக் குன்றுக்குச் சென்றிருந்தோம். நாங்கள் அடுக்கிய கற்களின் பின்னே மண் சேர்ந்து புல் முளைத்திருக்கிறது. பெரியவர் எங்கள் பிள்ளைகளுக்கு வறுத்த வேர்க்கடலை கொடுத்தார். "மேலே போய்வாருங்கள்; சுற்றுப்பாதையில் போங்கள்" என்றார்.

அவர் சொல்லையே உங்களுக்கும் சொல்லி விடைபெறுகிறோம்.