சாலட் கீரையும் களையும்

(ஈப்போ வட்டாரத் தோட்டப்புற மக்களிடையே ஆற்றப்பட்ட உரை)



பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு மறைந்துவிட்டன. ஆயினும், வீட்டருகே நான்கு பாத்தி கீரை போடும் பழக்கம் நம் மக்களை விட்டு அகலவில்லை. அப்பாத்தியில் சாலட் கீரை பயிரிட விரும்புவோர் முதலில் அறிய வேண்டிய பகை களையே.

களை பயிரை எவ்வாறு கெடுக்கின்றது? சாலட்டின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. மேல்மண்ணின் நீரையும் தழைச்சத்தையும் நம்பியே அது வாழ்கின்றது. களையும் அதே மண்ணில் அதே உணவைத் தேடுகின்றது. விரைந்து வளர்ந்து வெயிலையும் மறைக்கின்றது. கத்தரியிலும் வெண்டையிலும் காயே விளைச்சல். சாலட்டிலோ இலையே விளைச்சல். இலை சிறுத்தால் எடை குறையும், வெளிறினால் வாங்குவாரில்லை. அடர்ந்த களையின் ஈரநிழலில் நத்தையும் அழுகல் நோயும் பெருகும்.

நாற்று நட்டு ஏறத்தாழ 30 முதல் 40 நாள்களில் சாலட் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே, முதல் மூன்று வாரங்களே முக்கியமானவை. அப்போது இழந்த வளர்ச்சியைப் பிந்திய களையெடுப்பு மீட்டுத் தராது.

செய்ய வேண்டுவன நான்கு.

முதலாவது, பாத்தியைப் பண்படுத்தி, நீர் தெளித்து, பத்து நாள் காத்திருங்கள். முளைத்த களைகளை மேலாகக் கொத்தி அகற்றிய பின் நாற்றை நடுங்கள். ஆழக் கொத்தினால் அடியிலுள்ள விதைகள் மேலேறி முளைக்கும்.

இரண்டாவது, மட்காத சாணத்தை இடாதீர்கள். மாடு தின்ற புல்லின் விதை அதில் உயிரோடிருக்கும்.

மூன்றாவது, வரிசைகளுக்கிடையே வைக்கோலையோ, பூக்காத, நன்கு காய்ந்த லாலான் புல்லையோ பரப்புங்கள்.

நான்காவது, கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். தலையை மட்டும் கிள்ளினால் மீண்டும் தழைக்கும்.

“தோட்டத்தில் தெளிக்கும் களைக்கொல்லியைக் கொண்டுவந்து அடித்தால் வேலை எளிதல்லவா?” எனச் சிலர் வினவலாம். வேண்டவே வேண்டாம்! கிளைபோசேட் களையையும் கீரையையும் பிரித்தறியாது. ஒரே மருந்தையே நம்பினால் களையும் அதற்குப் பழகிவிடும். மலாய் மொழியில் சம்பாவ் எனப்படும் புல் கிளைபோசேட்டுக்கு மடியாமல் நிற்பது 1997ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் அறியப்பட்டது.

பாராகுவாட்டோ இன்னும் கொடியது. அதை அருந்தியவர்க்கு முறிவு மருந்து கிடையாது. பல்லாண்டுகள் முதுகில் தொட்டி சுமந்து மருந்து தெளித்தவர்களுள் நம் பெண்கள் மிகப் பலர் என்பதை நாம் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு அது மலேசியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் எஞ்சியிருப்பின், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள். குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் குடும்பத்தோடு பாத்தியில் குனிந்தால் போதும். களை சிறிதாய் இருக்கும்போதே விரல்களால் அகற்றிவிடலாம். பிள்ளைகள் பச்சையாகவே உண்ணும் இலை நஞ்சின்றி விளைவது நம் கையில்தான் இருக்கின்றது.