மூன்று விரல் நுழையாத வாய்

சத்துணவுச் சாம்பாரில் காரம் குறைவு. ஆனாலும் ஒரு மாணவன், "வாய் எரியுது சார்" என்று தட்டைத் தள்ளிவைக்கிறானா? அதட்டாதீர்கள். மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லையென்றால், பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகியிருக்கலாம். புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை. நம் வீட்டு விசேஷங்களிலோ, "வெறும் பாக்குதானே!" என்று பிள்ளைகள் கையிலும் கொடுக்கிறோம்.

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடையில் நாமே வாங்கிக்கொண்டு மாணவனைக் கண்டிக்க முடியாது.

வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எதுவானாலும் பெற்றோரை அழைத்துப் பேசி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.